சொந்தக் காசில் லேப்டாப் வாங்கி ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு

ஜனவரி வந்தாலே எங்களை மாதிரி பேரோல் பார்ப்பவர்களின் மேசையில் வரிக் கழிவுக்கான பேப்பர் குவிய ஆரம்பித்துவிடும். வாடகை ரசீது, எல்ஐசி பிரீமியம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், ஹோம் லோன் சர்டிஃபிகேட். கொரோனாவுக்கு அப்புறம் அந்தக் கட்டுக்குள் இன்னொரு வகை பில்லும் வருகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய லேப்டாப், இரண்டாவது மானிட்டர், முதுகுவலி தாங்காமல் வாங்கிய நாற்காலி, இன்வெர்ட்டர் பேட்டரி. "அக்கா, ஆபீஸ் வேலைக்குத்தானே வாங்கினேன், இதை எந்த செக்ஷன்ல போடுவீங்க?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்தான் சொல்கிறேன். எதிலும் போட முடியாது.

சம்பள வருமானத்திலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதற்கு 1961 வருமான வரிச் சட்டத்தில் 16-வது பிரிவு இருக்கிறது. சம்பளக்காரர்கள் வருமானக் கணக்கு தாக்கல் செய்கிற ஐடிஆர் 1 ஃபாரத்தைத் திறந்து பாருங்கள், அந்தப் பிரிவின் கீழ் மொத்தமே மூன்று வரிதான். ஒன்று ஸ்டாண்டர்டு டிடக்ஷன், பில் எதுவும் கேட்காமல் எல்லோருக்கும் கழிக்கிற ஒரே தொகை. இரண்டாவது பொழுதுபோக்குப் படி, அதுவும் அரசு ஊழியருக்கு மட்டும், அதிகபட்சம் 5,000 ரூபாய். மூன்றாவது தொழில் வரி. புது வரி முறைக்குப் போய்விட்டால் பின்னால் இருக்கிற இரண்டும் கிடையாது, 75,000 ரூபாய் ஸ்டாண்டர்டு டிடக்ஷன் மட்டும் மிஞ்சும். பழைய முறையில் அது 50,000. 2025-ல் கொண்டுவந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியதே தவிர (நான் இங்கே சொல்வது பழைய எண்கள்), ஊழியர் வாங்கிய கருவிக்கென்று அதிலும் எதுவும் வரவில்லை.

எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1974-க்கு முன்னால் இதே 16-வது பிரிவில், வேலையின் நிபந்தனைப்படி சம்பளத்திலிருந்து செலவழித்தே ஆகவேண்டிய தொகை, முழுக்க அந்த வேலைக்காகவே ஆன செலவு என்றால், அதைக் கழிக்க வழி இருந்தது. புத்தகம் வாங்கிய செலவுக்குக்கூடத் தனியாக ஒரு இடம் வைத்திருந்தார்கள். 1974-ல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு மொத்தமாக ஒரு கழிவு, அதாவது ஸ்டாண்டர்டு டிடக்ஷன், என்றார்கள். சரி, கணக்கு சுலபமாயிற்று. 2005 பட்ஜெட்டில் அந்த மொத்தக் கழிவையும் எடுத்துவிட்டார்கள்! அப்புறம் 2018-ல் 40,000 என்று திருப்பிக் கொண்டுவந்தபோது டிவியில் பெரிய சலுகை என்று பேசினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கூடவே போக்குவரத்துப் படி 19,200, மருத்துவ பில் 15,000 என்று வரியில்லாமல் வந்துகொண்டிருந்த 34,200 ரூபாயை எடுத்துக்கொண்டார்கள். ஆக நிகர லாபம் 5,800.

மொத்தக் கழிவே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆளாளுக்கு பில் கொண்டுவந்து, இந்த லேப்டாப்பில் வேலை எத்தனை மணி நேரம், நெட்ஃபிளிக்ஸ் எத்தனை மணி நேரம் என்று நிரூபிக்க வேண்டி வந்தால் முதலில் சாகப்போவது நான்தான். என் எரிச்சல் வேறு. பேனா முதல் ஏசி வரை கம்பெனியே கொடுக்கிற இடத்தில் இருப்பவருக்கும் 75,000, டெஸ்டிங்குக்கு வேண்டிய ஃபோனைக்கூடத் தானே வாங்கிக்கொள்கிறவருக்கும் அதே 75,000. அமெரிக்காவில்கூட ஊழியர்கள் சொந்தமாகச் செய்த வேலைச் செலவை, ஒரு வரம்புக்கு மேல், கழிக்க முடிந்தது. 2018-லிருந்து அதையும் பெரும்பாலானவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அதனால் நம் ஊரில் யாரும் இதைப் புதிதாகக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் விலை ஜிஎஸ்டியோடு 60,000. அதில் வரி மட்டும் 9,153 ரூபாய். இதே லேப்டாப்பைக் கம்பெனி தன் பெயரில் வாங்கினால் அந்த 9,153-ஐ இன்புட் கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளும், மீதி 50,847-ல் வருடத்துக்கு 40 சதவீதம் தேய்மானம் என்று செலவுக் கணக்கில் எழுதும். நீங்கள் வாங்கினால் ஜிஎஸ்டி திரும்பாது, தேய்மானமும் கிடையாது. போதாததற்கு, நீங்கள் 15 சதவீத ஸ்லாபில் இருந்தால், செஸ்ஸும் சேர்த்து, கையில் 60,000 நிற்பதற்கு முதலில் சுமார் 71,000 சம்பாதித்திருக்க வேண்டும். ஒரே மெஷின், ஒரே வேலை, லாபம் போவதும் கம்பெனிக்குத்தான்.

ஆனால் இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. புது முறையில், 2025-26 நிதியாண்டிலிருந்து, வருடச் சம்பளம் 12.75 லட்சம் வரை இருந்தால் வரியே இல்லை. என்னிடம் பில்லோடு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அந்த வரம்புக்குள் இருப்பவர்கள். நாளைக்கே சட்டம் மாறி லேப்டாப்பைக் கழிக்கலாம் என்று வந்தாலும் அவர்களுக்கு ஒரு ரூபாய் மிச்சமாகாது. அவர்கள் இழந்தது வரி இல்லை, முழுசாக 60,000 ரூபாய். அதை நிர்மலா சீதாராமனிடம் கேட்டுப் பயனில்லை, எச்ஆரிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு விதம் இருக்கிறது. "மாசம் 2,000 அலவன்ஸ் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்டால், வரி கட்டுகிற ஸ்லாபில் இருப்பவருக்கு அது சம்பளமாகி வரி விழும். "கம்பெனி பெயரில் வாங்கி எனக்குக் கொடுங்க" என்று கேளுங்கள். கம்பெனியின் லேப்டாப்பையோ கம்ப்யூட்டரையோ ஊழியர் வைத்து உபயோகித்தால், வீட்டுக்கே கொண்டுபோனாலும், வரி விதியில் அதன் மதிப்பு பூஜ்யம். கம்பெனி கட்டுகிற ஃபோன் பில்லும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் நாற்காலிக்கு இந்தச் சலுகை இல்லை. கம்பெனி நாற்காலியைச் சொந்த உபயோகத்துக்குக் கொடுத்தால் வருடத்துக்கு விலையில் 10 சதவீதம் உங்கள் வருமானத்தில் சேரும். கம்ப்யூட்டரை மறக்காமல் எழுதியவர்களுக்கு அதன் முன்னால் உட்காருகிறவனின் முதுகு ஞாபகம் வரவில்லை போல.

வேலையை விட்டுப் போகும்போது அந்த லேப்டாப்பை உங்களுக்கே கொடுக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு முழுசாக முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் மதிப்பைப் பாதிப் பாதியாகக் குறைப்பார்கள். 60,000 ரூபாய் மெஷின் மூன்று வருடம் கழித்து 7,500. அதில் நீங்கள் கொடுக்கிற பணம் போக மிச்சத்துக்குத்தான் வரி.

யூடியூபில் ஒரு கூட்டம் இருக்கிறது. லேப்டாப் பில்லை 10(14) பிரிவில் ஏதோ படி என்று காட்டு, ரீஃபண்ட் வரும், அதில் எனக்கு இவ்வளவு கமிஷன் என்பார்கள். அந்தப் பிரிவுக்கு முதலில் கம்பெனி அப்படி ஒரு படி கொடுத்திருக்க வேண்டும். கம்பெனி தருகிற சம்பள, வரிச் சான்றிதழான ஃபாரம் 16-ல் இல்லாததை நீங்களாக எழுதினால் அது வருமானத்தைத் தவறாகக் காட்டியதாகிவிடும், அதற்கு அபராதம் வரியில் 200 சதவீதம். நோட்டீஸ் வரும்போது அந்த யூடியூபர் ஃபோன் எடுக்க மாட்டார்.

இப்போது சில கம்பெனிகள் இன்னொரு கதை சொல்கின்றன. "நீங்க கன்சல்டன்டா வந்துடுங்க, 194ஜேயில் டிடிஎஸ் பிடிப்போம், லேப்டாப், பெட்ரோல் எல்லாம் செலவு எழுதிக்கலாம்." 194ஜே என்பது சம்பளத்துக்கு இல்லாமல் தொழில்முறைக் கட்டணத்துக்கு முன்கூட்டியே வரி பிடிக்கிற பிரிவு. அவர்கள் சொல்வது பொய் இல்லை. முறையாகக் கணக்கு வைத்தால் எழுதலாம். சில தொழில்களுக்குச் சுலபக் கணக்கு தருகிற 44ஏடிஏ பிரிவில் வருகிற தொழில் என்றால், வந்த பணத்தில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், பில்லே கேட்க மாட்டார்கள். ஆனால் அன்றையிலிருந்து பிஎஃப்பில் கம்பெனி பங்கு கிடையாது, கிராஜுட்டி கிடையாது, பிரசவ விடுப்பு கிடையாது, 75,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷனும் கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்கள் மாசப் பேசிக்கில் கம்பெனி பிஎஃப்புக்குப் போடுகிற 12 சதவீதத்தைப் பன்னிரண்டு மாசத்தால் பெருக்கி, அந்த லேப்டாப் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.