அது முட்டை இல்லை, தம்பி

போன வாரம் ஒரு தம்பி இன்பாக்ஸில் படம் அனுப்பியிருந்தார். உருண்டையாக ஒரு கல். "அண்ணே, எங்க கொல்லையில கிணத்து மண்ணுல கிடந்துச்சு. டைனோசர் முட்டைதானே? எவ்வளவுக்குப் போகும்?"

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கல் பொறுக்கும் பைத்தியம் எனக்கு இருபது வருடமாக உண்டு. அதனால் மாதம் ஒரு முட்டையாவது வந்துவிடும். 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் வெட்டும்போது இப்படித்தான் உருண்டைக் கற்கள் கிளம்பின. முட்டை, முட்டை என்று பரபரப்பு. கடைசியில் பார்த்தால் அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி வண்டல் இறுகி உருண்ட கல். முட்டை இல்லை என்றதும் ஆர்வம் வடிந்துவிட்டது. எனக்கு அதுதான் வருத்தம். பத்துக் கோடி வருடத்துக்கு முன்னால் இந்தக் கொல்லையெல்லாம் கடல் என்பதற்குச் சாட்சி கையில் இருக்கிறது, அதற்கு மதிப்பில்லை. அதே அம்மோனைட் கண்டகி ஆற்றிலிருந்து வந்தால் மட்டும் சாளக்கிராமம், பூஜையறையில் இடம்!

சரி, டைனோசரே இங்கே இல்லையா என்றால், இருக்கிறது. கல்லமேட்டில் கிடைத்த ஒரு பிரம்மாண்டத்துக்கு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். மாவுக்கட்டு போட்டு எடுத்தும் அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். விவரம் தெரிந்தவர்கள் எடுத்ததற்கே இந்தக் கதி என்றால், மண்வெட்டியோடு போகும் நாம் எம்மாத்திரம்?

அதே கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு குட்டிப் பல்லை வைத்து 2013-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்த ட்ரூடோன்டிட் வகை டைனோசரின் பல் அது என்றார்கள். எந்த ஊர், எந்த மண்ணடுக்கு என்று தெரிந்ததால்தான் அந்தப் பல் பேசியது. அதுவே யாரோ ஒருவர் வீட்டு ஷோகேஸில் இருந்திருந்தால் வெறும் பல்.

அதற்காக, வல்லுநரைத் தவிர வேறு யாரும் எதையும் தொடக்கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 2007-இல் நூற்றுக்கும் மேற்பட்ட டைனோசர் முட்டைகளைக் கண்டுபிடித்தது ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய நண்பர்களும்தான். அவை நிஜ முட்டைகள். நம் பக்கம் காரை என்ற ஊரின் ஓடைகளில் மழைக்குப் பிறகு பென்சில் முனை போல பெலம்னைட்டுகள் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரியின் கல்லான பகுதி) சிதறிக் கிடக்கும். நாம் எடுக்காவிட்டால் அடுத்த மழையில் உடைந்து போகும். அதில் இரண்டை எடுத்து, இடமும் தேதியும் எழுதி வைப்பதில் என்ன குற்றம்?

எலும்பு மட்டும் வேறு. சந்தேகமாக இருந்தால் சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள் (என் மனைவி இந்த வரியைப் படிக்க வேண்டாம்). எலும்பில் நுண்துளைகள் உண்டு, பெரும்பாலும் நாக்கில் ஒட்டும். ஒட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, புவியியல் துறைக்குச் சொல்லுங்கள்.

விலைக்கு வாங்குவது பற்றி என் கருத்து, பணம் கொடுத்துக் கற்றது. மொராக்கோ டைனோசர் பல் என்று ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். வெந்நீரில் போட்டதும் வேர்ப்பகுதி கரைந்து மணலும் பசையுமாக அடியில் நின்றது. 2020-இல் ஸ்டான் என்ற டைரனோசாரஸ் எலும்புக்கூடு 3.18 கோடி டாலருக்கு ஏலம் போனதிலிருந்து, கல் எடுத்தவரெல்லாம் முதலில் கேட்பது விலையைத்தான்.

தம்பிக்கு இவ்வளவையும் எழுதவில்லை. "முட்டை இல்லைப்பா, அதைவிட நல்லது. எந்த ஆழத்தில் கிடைத்தது?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் சத்தமில்லை. விலை போகாது என்று தெரிந்து தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நேற்று அதே கல்லின் படம் மறுபடி வந்தது. பக்கத்தில் அளவுக்குப் பத்து ரூபாய் நாணயம். கீழே, "முப்பது அடிண்ணே. அப்பாகிட்ட கேட்டேன்."