இரிடியமும் இல்லை, ஜெர்மனியும் இல்லை, ஆனால் நன்றாக எழுதுகிறது

ஒரே விற்பனையாளரிடம் இணையத்தில் ஒரே நாளில் இரண்டு மை பேனா வாங்கினேன். இரண்டு நிப்பிலும் ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்று பொறித்திருக்கிறது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தால், ஒன்றில் எழுத்துகள் நறுக்கென்று விழுந்திருக்கின்றன. இன்னொன்றில் ‘ஜெர்மனி’ சாய்ந்து, கடைசி எழுத்து பாதி அழுந்தாமல் நிற்கிறது. முனையில் இருக்கும் குண்டும் அப்படித்தான். முதல் நிப்பில் பிளவு குண்டைச் சரிபாதியாக அறுத்திருக்கிறது, இரண்டாவதில் இடது பக்கம் பெரிசு, வலது பக்கம் சிறிசு. ஜெர்மனி ஒன்றுதான், கைவரிசைதான் இரண்டு போலிருக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு நிப்பில் பொறித்திருக்கும் எதன்மேலும் நம்பிக்கை இல்லை.

முதலில் இந்த இரிடியம் என்ற கடினமான உலோகத்தைப் பார்ப்போம். தங்கம் மென்மையானது, காகிதத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் நிப்பின் முனை சீக்கிரம் கரைந்துவிடும். அதனால்தான் 1834இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற கண்டுபிடிப்பாளர் தங்க நிப்பின் முனையில், இரிடியமும் ஆஸ்மியமும் இயற்கையிலேயே கலந்து கிடைக்கும் கடினமான மணியைப் பொருத்தினார். பிறகு வெகுகாலம் அந்த மணிகளுக்கு ஏகக் கிராக்கி. 1925இல் ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவின் ஆடம்ஸ்ஃபீல்டில் அதைத் தோண்ட ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், அதில் பெரும்பகுதி பேனா முனைக்குத்தான். ஆனால் அதெல்லாம் பழைய கதை. இப்போது முனையில் ஒட்டவைப்பது பெரும்பாலும் ருத்தீனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன், ரீனியம் போன்றவற்றைக் கலந்து செய்த உலோகக் குண்டு. இரிடியம் துளி இருக்கலாம், அறவே இல்லாமலும் இருக்கலாம். பெயர் மட்டும் தங்கிவிட்டது, பென்சிலில் ஈயம் இல்லாமலேயே இங்கிலீஷ்காரர்கள் அதை ‘லெட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் போல. இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

ஜெர்மனி விஷயம் அப்படியில்லை. ஹைடல்பெர்க்கில் போக், பெர்லினில் யோவோ என்று அங்கே நிப்புக்காகவே நிறுவனங்கள் இருக்கின்றன. உலகத்தில் பல பேனாக் கம்பெனிகள் இவர்களிடம் நிப்பை வாங்கி, தங்கள் சின்னத்தைப் பொறித்து விற்கின்றன. சொந்தமாக நிப்பு செய்பவர்கள் குறைவு: ஜெர்மனியில் லாமி, பெலிகன், ஜப்பானில் பைலட், செய்லர், பிளாட்டினம் என்று பெரிய பெயர்கள் சில. இவர்கள் யாரும் ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்ற அநாமதேய முத்திரையை நம்பிப் பிழைக்கவில்லை. அந்த முத்திரையோடு வரும் மலிவு நிப்புகளில் பல சீனாவில் அடித்தவை. (1887இல் பிரிட்டன் அந்நியச் சரக்கில் ஊர்ப்பெயர் போடவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்ததே மட்டமான ஜெர்மன் சரக்கை ஜனங்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்றுதான். இன்றைக்கு அந்தப் பெயரையே திருடிப் போட்டுக்கொள்கிறார்கள்!)

சீனாவில் செய்தால் என்ன, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அங்கே அருமையான நிப்பும் செய்கிறார்கள். அதை அப்படியே சொல்லி விற்கட்டுமே.

அப்புறம் தங்கம். 14 காரட் என்றால் 585, 18 காரட் என்றால் 750 என்று இருக்கும், ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு, அது சரி. ஆனால் ‘18 கே ஜி பி’ என்று இருந்தால் அந்த ‘ஜி பி’தான் முக்கியம், வெறும் முலாம், உள்ளே எஃகு. விற்பவர்கள் தலைப்பில் 18 கே வரைக்கும் போட்டுவிட்டு ஜி பி-யை விழுங்கிவிடுகிறார்கள். நிறத்தையும் நம்பமுடியாது. ‘லாமி 2000’ என்ற பேனாவின் நிப்பு வெள்ளி மாதிரிதான் இருக்கும், உள்ளே 14 காரட் தங்கம், மேலே பிளாட்டினப் பூச்சு. காந்தத்தை வைத்துப் பார் என்பார்கள். நிப்பு சட்டென்று ஒட்டினால் தங்கமில்லை என்று சொல்லலாம். ஒட்டாவிட்டால் தங்கம் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் துருப்பிடிக்காத எஃகிலேயே காந்தத்தில் ஒட்டாத வகை இருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், தங்கம் எதற்காக வந்ததோ அந்தக் காரணமே இன்றைக்கு ஏறக்குறைய இல்லை. அந்தக் காலத்து இரும்புச்சத்து மையில் அமிலம் அதிகம், சாதா எஃகை அரித்துவிடும், தங்கத்தை ஒன்றும் செய்யாது. துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. தங்கம் என்றால் வளைந்து கொடுக்கும் என்பதும் பாதிதான் உண்மை. தகடு எவ்வளவு தடிமன், நிப்பின் தோள், அதாவது அகன்ற பாகம், முனையை நோக்கி எப்படி இறங்குகிறது என்பதைப் பொறுத்தது அது. ஆணி மாதிரி விறைத்து நிற்கும் தங்க நிப்பும் இருக்கிறது. காகிதத்தைத் தொடுவதோ தங்கமே இல்லை, அந்தக் குண்டுதான். அதை எவ்வளவு பொறுமையாகத் தீட்டினார்கள் என்பது எந்த நிப்பிலும் பொறித்திருப்பதில்லை.

நேற்று அந்த இரண்டாவது பேனாவின் நிப்பை மெல்லிய தீட்டுத்தாளில் மையோடு ‘8’ வடிவத்தில் திரும்பத் திரும்பப் போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இப்போது முதலாவதைவிட நன்றாக எழுதுகிறது. விற்றவருக்கு மட்டும் இது எங்கே செய்தது என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ‘ஜெர்மன் தரம்’ என்று பதில் வந்தது. நான் கேட்டது தரத்தை இல்லை, ஊரை.