குற்றம் செய்தவனுக்காகவும் பேச வேண்டும்

மரண தண்டனையை எதிர்த்துப் பேசும்போது நாம் பெரும்பாலும் நிரபராதிகளைத்தான் துணைக்கு அழைக்கிறோம். பொய்ச் சாட்சியால் சிக்கியவர், நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர் என்று நாம் எடுத்துக்காட்டும் மனிதர்கள் எல்லோரும் இரக்கத்துக்கு எளிதில் உரியவர்கள். டிம் ராபின்ஸ் இயக்கி 1995-இல் வெளிவந்த 'டெட் மேன் வாக்கிங்' அந்த எளிய வழியில் போகவில்லை. அதில் ஷான் பென் ஏற்ற மேத்யூ பான்ஸ்லெட் என்னும் கைதி கூட்டாளியோடு சேர்ந்து ஓர் இளைஞனையும் ஓர் இளம்பெண்ணையும் உண்மையிலேயே கொலை செய்தவன், இனவெறி பேசுபவன், பழியைக் கூட்டாளியின் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பவன். இவனையும் அரசு கொல்லக் கூடாது என்று சொல்ல நெஞ்சுரம் இருக்கிறதா என்று படம் நம்மைக் கேட்கிறது.

அருட்சகோதரி ஹெலன் பிரெஜான் தம் அனுபவங்களை எழுதி 1993-இல் வெளியிட்ட நூலே படத்துக்கு மூலம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள அங்கோலா சிறையில் அவர் ஆன்மிகத் துணையாக இருந்த இருவர் 1984-இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். அந்த இருவரையும் இணைத்தே படத்தின் கைதி உருவாக்கப்பட்டிருக்கிறான். திரையில் மின்சார நாற்காலிக்குப் பதில் விஷ ஊசி வருகிறது. ஊசியால் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்போதும் முகத் தசைகள் தளர்ந்தே இருப்பதால், பார்ப்பவர்களுக்கு எந்தக் கோரமும் தெரியாது என்று வழக்கறிஞர் கருணை மனு விசாரணையில் விளக்குகிறார். கொல்லப்படுகிறவனின் வேதனையை விடப் பார்வையாளர்களின் மன நிம்மதியே அந்த ஏற்பாட்டில் முக்கியம் என்பதை அதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் படத்தில் என்னை அதிகம் உலுக்கியது சிறைக்குள் நடப்பதன்று, கொலையுண்ட பெண்ணின் பெற்றோர் வீட்டில் நடக்கும் காட்சி. ஹெலன் தங்கள் பக்கம் வந்துவிட்டார் என்று எண்ணி அவர்கள் அவரை அன்போடு வரவேற்கிறார்கள். மகளிடம் தான் கடைசியாகப் பேசியது அவளுடைய பாவாடை ஓரம் தொங்கியதைப் பற்றித்தான் என்று அந்தத் தாய் சொல்லும்போது, அத்தனை சிறிய பேச்சே இறுதிப் பேச்சாகிப்போன கொடுமையை நம்மால் தாங்க முடிவதில்லை. பிறகு, ஹெலன் இன்னமும் அந்தக் கொலையாளிக்குத் துணையாகவே இருக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டை விட்டு வெளியே போகச் சொல்கிறார்கள். அவர்களின் கோபத்தைப் படம் எந்த இடத்திலும் சிறுமைப்படுத்தவில்லை. ஹெலனாக நடித்த சூசன் சரண்டனின் முகத்தில் அப்போது தெரியும் குற்றவுணர்வு ஒன்றே அவர் பெற்ற ஆஸ்கர் விருதுக்குப் போதும் என்பேன். கொலையாளியிடம் காட்டும் பரிவு, அவனால் சிதைந்த குடும்பத்தின் முன் போய் நிற்கத் துணியாவிட்டால், அரைகுறைப் பரிவுதான்.

அதேபோல, பரிவு என்பது பொய்யைப் பொறுத்துக்கொள்வதும் அன்று. ஹெலன் கடைசி நாள்வரை அவனை விடாமல் கேட்கிறார். தான் செய்ததை அவன் தன் வாயால் சொல்லாமல் சாவதை அவர் ஏற்கவில்லை. அவன் உடைந்து அழுது ஒப்புக்கொண்ட பிறகுதான், 'நீ கடவுளின் மகன்' என்கிறார். தண்டனை மேசையில் அவனைச் சிலுவையில் அறையப்பட்டவனைப்போல் நிமிர்த்திக் காட்டுவது சற்று மிகையாக எனக்குப் பட்டது. எனினும், ஊசி ஏறும் நிமிடங்களோடு அந்தக் கொலையின் காட்சிகளையும் மாறி மாறிக் காட்டும் முடிவை முழுமனதோடு மதிக்கிறேன். அவன் சாவுக்காக நாம் கலங்கும் வேளையில் அந்த இரண்டு இளம் உயிர்களை மறந்துவிட இயக்குநர் நம்மை விடுவதில்லை.

கொலையுண்ட இளைஞனின் தந்தை அடக்கத்துக்கு வந்து தொலைவில் தனியாக நிற்கிறார். தம்மிடம் நிறைய வெறுப்பு இருப்பதாகவும், ஹெலனைப் போன்ற விசுவாசம் தமக்கு இல்லை என்றும் சொல்கிறார். வெறுப்பிலிருந்து மீள்வது விசுவாசத்தால் தானாக வந்துவிடுவதில்லை, உழைத்துத்தான் அடைய வேண்டியிருக்கிறது என்கிறார் ஹெலன். பிறகொரு நாள், ஆலயத்தின் சன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறது கேமரா. உள்ளே அவ்விருவரும் அருகருகே மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.