கடைசி வரியை முதல் வரியாக்குங்கள்

போன வாரம் கதவிடுக்கில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பகுதியில் வீட்டுக் குப்பையை வாரா வாரம் எடுக்கமாட்டார்கள். காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, தகர டப்பா எல்லாம் ஒரு தொட்டியில். மற்றதெல்லாம் இன்னொரு தொட்டியில். ஒரு வாரம் இதற்கு வண்டி வரும், மறு வாரம் அதற்கு. ஆக, மற்ற குப்பை பதினாலு நாள் வாசலிலேயே கிடக்கும். சமையலறைக் கழிவைத் தனியாக எடுக்கும் ஏற்பாடு 'படிப்படியாக அறிமுகப்படுத்தப்படும்' என்று கடைசி வரியில் போட்டிருக்கிறார்கள். எப்போது என்று தேதி இல்லை.

அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரு வாட்ஸப் குழுவில் அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை சண்டை. 'வரி மட்டும் ஏறுது, வேலை குறையுது' என்று ஒரு பக்கம். 'ஒழுங்கா பிரிச்சுப் போடாத ஜனங்களுக்கு இதுதான் மருந்து' என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. நான் ஏழெட்டு வருஷமாகக் குப்பையைப் பிரித்துப் போடுகிறவள். மிச்சக் குப்பைக்கு வண்டி வரும் நாளைக் குறைப்பதில்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வரிசை தப்பாக இருக்கிறது. ஈரக் கழிவுக்கு வாரம் தவறாமல் வண்டி வர வழிசெய்து, அது எல்லார் வீட்டிலும் பழக்கத்துக்கு வந்த அப்புறம்தான் மற்றதைக் குறைக்க வேண்டும். இவர்கள் குறைப்பதை முதலில் வைத்துக்கொண்டார்கள். ஈரக் கழிவைப் 'படிப்படியாக'வுக்குத் தள்ளிவிட்டார்கள்.

போன வருஷம் கோடையில் வண்டி பழுது என்று ஒரு வாரம் வரவில்லை. பதினொன்றாம் நாள் காலையில் தொட்டி மூடியைத் தூக்கினேன். மூடியின் உள்விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. பையை இரண்டு முடிச்சுப் போட்டுத்தான் உள்ளே வைத்திருந்தேன். அதையும் மீறி ஏறி வந்திருக்கின்றன. அடியில் தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீரைக் கொட்டி, வெந்நீர் விட்டுத் தேய்த்து, திரும்பவும் கழுவி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. எத்தனை சோப்புப் போட்டும் விரல் நுனியிலிருந்து அந்த நாற்றம் சாயங்காலம் வரை போகவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றிப் படித்தேன். வெயில் காலத்தில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து புழுவாகிவிடும். முட்டையிலிருந்து பறக்கிற ஈயாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். அழுகும் குப்பையை வாரத்துக்கு ஒரு முறையாவது அப்புறப்படுத்த வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. ஈ முந்துவதற்குள் வண்டி முந்த வேண்டும். பதினாலு நாளில் ஒரு தலைமுறை ஈ பிறந்து, பறந்து போய்விடும்.

அதே பதினோரு நாளும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மூட்டை நிறைய காய்ந்த குப்பையும் இருந்தது. உறைகள், கவர்கள், உடைந்த பொம்மை, துடைத்துப்போட்ட துணி. அதில் ஒரு வாடையும் இல்லை. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தாலும் யாருக்கும் தொந்தரவு இருந்திருக்காது. நாறுவது ஈரம். அதைத் தனியாக எடுத்துவிட்டால் மிச்சம் பொறுத்திருக்கும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டில் கான்வி என்று ஒரு பகுதி. அங்கே 2018-இல் மிச்சக் குப்பையை நான்கு வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் முறைக்கு மாறினார்கள். கேட்டவுடன் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஆனால் அங்கே உணவுக் கழிவுக்கு வாரா வாரம் வண்டி வருகிறது, டயப்பருக்குத் தனிச் சேகரிப்பு இருக்கிறது. ஸ்லோவேனியாவின் தலைநகர் லுப்லியானாவில் 2006-இலிருந்தே மக்கும் குப்பையை வீடு வீடாகத் தனியே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மிச்சக் குப்பைக்கு வண்டி வரும் நாட்களைக் குறைத்தது சில வருஷம் கழித்துத்தான். 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத் தலைநகரங்களிலேயே முதலாவதாக 'பூஜ்யக் குப்பை' இலக்கை அந்த நகரம் ஏற்றது. இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது வரிசையைத்தான்.

எங்கள் நகராட்சி அந்த ஊர்களின் பாதி ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. செலவு மிச்சமாகிற பாதி.

செலவு மிச்சம் என்பதும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பத்தாவது நாள் தொட்டி நிரம்பி மூடி மூடாமல் நிற்கும்போது ஒரு வீட்டில் என்ன நடக்கும்? பக்கத்திலேயே மறுசுழற்சித் தொட்டி காலியாக இருக்கிறது. நாறுகிற பை அதற்குள் போகும். கெட்ட எண்ணத்தால் இல்லை, வேறு இடம் இல்லாததால். அந்த ஒரு பையின் நீர் இறங்கினால் அதிலிருக்கும் காகிதமும் அட்டையும் வீண். ஊறிப்போன காகிதத்தை எந்த ஆலையும் வாங்காது. முன்பெல்லாம் பணக்கார நாடுகள் அரைகுறையாகப் பிரித்த குப்பையைக் கப்பலேற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவின. 2018-இல் சீனா பல வகைக் கழிவுக்குக் கதவைச் சாத்திவிட்டது. மற்றவற்றில் அரை சதவீதத்துக்கு மேல் அழுக்குக் கலந்திருந்தால் வேண்டாம் என்றது. சுத்தமாகப் பிரித்த சரக்குக்குத்தான் இன்றைக்கு மதிப்பு. ஈரத்துக்கு இடம் கொடுக்காமல் சுத்தமான சரக்கு எப்படிக் கிடைக்கும்? குப்பைமேட்டில் போய்ச் சேர்ந்த ஈரக் கழிவும் சும்மா கிடப்பதில்லை. காற்றில்லாமல் புதைந்து அழுகும்போது மீத்தேன் வருகிறது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

சரி, பிரித்துப் போடச் சொல்வதே புதுத் தொல்லை என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். புதுசே இல்லை. பாரிஸ் நகர நிர்வாகத்தைப் பார்த்த யூஜீன் புபெல் 1883 நவம்பரில் போட்ட உத்தரவிலேயே மூன்று பாத்திரம் வைக்கச் சொன்னார். அழுகக்கூடியதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் ஒன்று. இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கு அவர் பெயர்தான். அவரை அன்றைக்குக் கடுமையாக எதிர்த்தவர்களில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களும் உண்டு. மூடி போட்ட தொட்டி அவர்கள் வயிற்றில் அடித்தது. குப்பை முறையை மாற்றும்போது அது யார் தலையில் இறங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

எங்கள் தெருவில் அது யார் தலையில் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

என் அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். ஒரு நாளைக்கு நான்கைந்து டயப்பர். ஒவ்வொன்றையும் பழைய காகிதத்தில் சுற்றி, பையில் கட்டி, அதை இன்னொரு பையில் கட்டி வைப்பேன். ஆறாவது நாளே தொட்டி நிரம்பிவிடும். அம்மா இருந்த அறைக்கு ஜன்னல் தொட்டி பக்கம்தான். காற்றுக்குத் திறந்தால் நாற்றம், மூடினால் புழுக்கம். 'எனக்காக நீ எவ்வளவு சிரமப்படறே' என்று ஒருநாள் சொன்னார். அவர் அதைச் சொன்னது வாசனை பட்டதால்தான் என்று எனக்குத் தெரியும். அப்போது வாரம் ஒரு முறை வண்டி வந்தது. அதுவே அப்படி. இப்போது எங்கள் தெருவில் படுக்கையில் இருக்கிற பெரியவர்கள் உள்ள வீடு இரண்டு, கைக்குழந்தை உள்ள வீடு மூன்று. நோட்டீஸில் இவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 'கூடுதல் பை வைத்தால் எடுக்கப்படமாட்டாது' என்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

எதிர் வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். வாரக் குப்பையையே பாதி தூரம் தொட்டியை இழுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, அப்புறம் மீதி தூரம் இழுப்பார். இரண்டு வாரக் கனத்தை அவர் எப்படி இழுப்பார்?

வண்டியில் வருகிற தம்பியிடம் செவ்வாய்க்கிழமை பேசினேன். கையுறையின் ஆள்காட்டி விரல் பக்கம் கிழிந்து, உள்ளே பிளாஸ்திரி தெரிந்தது. யாரோ உடைந்த கண்ணாடியைச் சுற்றாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். புது ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டேன். 'ரெண்டு வாரக் குப்பைன்னா ரெண்டு மடங்கு கனம்னு நினைக்கிறாங்க அக்கா. நாளாக ஆகத் தண்ணி விட்டுடும், பை கிழியும், தூக்கும்போது மேல ஊத்தும். நாங்க அதே ஆளுங்கதான், அதே நேரந்தான்' என்றார். ஆள் கூட்டுகிறார்களா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. நோட்டீஸை எழுதினவர்கள் ஒருநாள் காலையில் இந்த வண்டி பின்னால் நடந்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வேலையின் ஆபத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1968 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தூய்மைப் பணியாளர்கள் மழைக்குக் குப்பை வண்டியின் பின்பக்கம் ஒதுங்கினார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென்று ஓடி இருவரையும் நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய பலகையை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். குப்பை வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். வண்டியின் பின்னால் நிற்கிறவரைக் கேட்காமல் போடுகிற எந்தத் திட்டமும் எனக்கு அரைகுறைத் திட்டம்தான்.

இன்னொன்று. நாம் பிரித்துப் போட்டதை வண்டியில் ஒன்றாகக் கொட்டுகிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்க இருக்கிறது. சில வண்டிகளில் உள்ளே தடுப்பு இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சில இடத்தில் நிஜமாகவே கலக்கிறார்கள். எங்கள் வண்டி எந்த வகை என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. தைவானில் பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி தெருவுக்கு வருகிறது, மறுசுழற்சி வண்டி கூடவே வருகிறது. மக்கள் கையாலேயே அதது அததில் போடுகிறார்கள், உணவுக் கழிவு தனி. போட்டது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கிறவருக்கு அடுத்த முறை பிரித்துப் போட மனம் வரும். நோட்டீஸில் அபராதத்துக்கு நான்கு வரி ஒதுக்கியவர்கள், எங்கள் குப்பை எங்கே போகிறது என்பதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

மாதக் கடைசி வரை கருத்துச் சொல்லலாம் என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஈரக் கழிவுக்கு வாரா வாரம் வண்டி ஓடத் தொடங்கி ஒரு கோடை முடியும் வரை மற்றதில் கை வைக்காதீர்கள். டயப்பர், நாப்கின் உள்ள வீடுகள் பதிவு செய்துகொள்ள வழிசெய்து, அவற்றை வாரா வாரம் எடுங்கள். இழுக்க முடியாத பெரியவர்களின் தொட்டியை வாசலிலேயே வந்து எடுங்கள், அதற்கு ஆள் கூட்டுங்கள். அவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். உடன்படுகிறவர்கள் இதையே உங்கள் சொல்லில் எழுதி அனுப்புங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.

வரும் வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு வார்டு கூட்டம். நான் போகிறேன். எதிர் வீட்டு அம்மாவையும் கூப்பிட்டேன். அவ்வளவு தூரம் நடக்க முடியாது, என் தொட்டியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிடு என்றார். அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.