கெட் ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கையில் இருக்கிற வினைச்சொல் பட்டியலை வாங்கிப் பாருங்கள். கெட் என்றால் பெறு என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

அந்த வரியை அடித்துவிடலாம் என்பது என் கருத்து. பெறு என்று மனப்பாடம் செய்த பிள்ளை, பேசும்போது கெட்டைத் தொடவே பயப்படுகிறது. போதாக்குறைக்கு, கட்டுரையில் கெட் வந்தாலே சிவப்பு மையில் சுழித்து "ரிசீவ் போடு, அப்டெய்ன் போடு" என்று எழுதும் ஆசிரியர்கள் வேறு. விண்ணப்பம் எழுத அது சரி. வாய்ப்பேச்சிலும் அப்டெய்ன் என்றால், டீக்கடையில் நின்று "ஒரு தேநீர் பெற விழைகிறேன்" என்று கேட்ட மாதிரிதான்.

இத்தனைக்கும் கெட்டைப் பிடிக்க நம் பேச்சுத் தமிழே போதும். லேட் ஆகுது: இட் இஸ் கெட்டிங் லேட். கோபம் வருது: ஐ ஆம் கெட்டிங் ஆங்ரி. அடிபட்டுச்சு: ஹீ காட் ஹர்ட். கல்யாணம் ஆச்சு: ஷீ காட் மேரீட். புரிஞ்சுது: காட் இட். நம் ஊரில் ஆகு, வா, படு எல்லாம் பிரித்துப் பார்க்கிற வேலையை அங்கே கெட் ஒற்றை ஆளாகப் பார்க்கிறது. பின்னால் என்ன வருகிறது என்று கவனித்தால் போதும். பொருள் வந்தால் கிடைப்பது, வாங்குவது. தன்மை வந்தால் அப்படி ஆவது. இடம் வந்தால் போய்ச் சேர்வது.

இடத்தில் மட்டும் ஒரு சின்ன வம்பு. "கெட் டு பாரிஸ்" சரி, "கெட் டு ஹோம்" தப்பு. வீட்டுக்கு என்பதில் உள்ள "கு" நம்மை இழுத்துவிடும். ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் டு வராது. அப்புறம், "ஐ ஆம் கெட்டிங் போர்" என்று தெருவுக்குத் தெரு கேட்கிறது. அங்கே போர்டு (bored) வர வேண்டும்.

ஆனால் வகுப்புகளில் யாரும் நின்று சொல்லித் தராத இடம் வேறு. எங்கள் தெருப் பையன் ஒருவன், மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ போனான். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "ஐ ரிப்பேர்டு மை பைக், சார்" என்றிருக்கிறான். "ஓ, மெக்கானிக் வேலையும் தெரியுமா?" என்று அவர் உண்மையிலேயே கேட்க, இவன் முழித்திருக்கிறான். வண்டியை ரிப்பேர் பண்ணிட்டு வந்தேன் என்று தமிழில் சொன்னால், கை கறுத்தது மெக்கானிக்குக்குத்தான் என்று கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் ஸ்பேனர் பிடித்தது நீங்கள்தான் என்று எடுத்துக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. "ஐ காட் மை பைக் ரிப்பேர்டு" என்பதுதான் அவன் சொல்ல வேண்டியது. கெட், அப்புறம் பொருள், அப்புறம் வினையின் மூன்றாம் வடிவம். முடிவெட்டு, ஜெராக்ஸ், பிளவுஸ் தையல் எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான். ஒரு வாரத்துக்கு இதை மட்டும் பேசிப் பழக்கினால் போதும், நூறு வினைச்சொல் பட்டியலைவிடப் பலன் அதிகம்.

ஆளை வேலை வாங்குவதற்கும் கெட் வரும், ஆனால் அங்கே டு வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களை நினைத்துக்கொள்ளுங்கள். "ஐ காட் த டிரைவர் டு வெயிட்" என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தேன் என்ற தொனி. "ஐ மேட் ஹிம் வெயிட்" என்றால் அவருக்கு வேறு வழியில்லை, இஷ்டமோ இல்லையோ நின்றார். மேக்குக்கு டு கிடையாது.

"கெட் டவுன்" பற்றி என் நிலை கொஞ்சம் தாராளம். டோல்கேட்டில் கெட் டவுன் பண்ணுங்க என்றால் இங்கே கண்டக்டர் முதல் கலெக்டர் வரை புரிந்துகொள்வார்கள். சென்னைக்குள் அது ஓடட்டும். வெளிநாட்டு ஆட்களோடு பேசும் வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: பஸ், ரயில், மெட்ரோ என்றால் கெட் ஆஃப், கார், ஆட்டோ என்றால் கெட் அவுட் ஆஃப். (தனியாக கெட் அவுட் என்று நிறுத்திவிட்டால் சண்டைதான்.)

கடைசியாக, வெப் சீரிஸ் பார்க்கும் பிள்ளைகள், கெட்டின் மூன்றாம் வடிவமாக வரும் காட்டன் (gotten) தப்பா சரியா என்று கேட்கிறார்கள். அது அமெரிக்க வழக்கு. இன்றைய பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பொதுவாக காட் தான். அமெரிக்கர்களும் எல்லா இடத்திலும் காட்டன் போடுவதில்லை. "ஐ ஹேவ் காட் எ பைக்" என்றால் அவர்களுக்கும் பைக் இருக்கிறது என்றுதான் அர்த்தம், "ஐ ஹேவ் காட்டன் எ பைக்" என்றால் வாங்கியாயிற்று. நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் வழியில் போவதால், பரீட்சைத் தாளில் காட் என்றே எழுதச் சொல்லுங்கள்.