டபிள்யூபிசி பலகை நூறு சதவீதம் பசுமையா?

"டெக் (வீட்டுக்கு வெளியே போடும் பலகைத் தளம்) போட டபிள்யூபிசி பலகைதான் நூறு சதவீதம் பசுமை, பழசானால் உருக்கி மறுபடி பலகையாக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிதான் சரி.

டபிள்யூபிசி என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து உருக்கி வார்த்த பலகை. பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஎத்திலீனாக இருக்கும், அல்லது பிவிசியாக. ஒருமுறை கலந்துவிட்டால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. தொழிற்சாலையில் விழும் வெட்டுத்துண்டுகளை அரைத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் பல வருடம் வெயிலில் கிடந்து, ஆணியும் அழுக்குமாகக் கழற்றிய பலகையை யார் எடுத்துக்கொள்வார்கள்? உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். மக்கவும் மக்காது. பிவிசி கலந்ததை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுப் புகை வரும், தயவுசெய்து எரிக்காதீர்கள்.

கரையான் எளிதில் அரிக்காது, வருடா வருடம் எண்ணெய் பூச வேண்டாம். இதெல்லாம் நல்ல குணம்தான். ஆனால் சித்திரை வெயிலில் அடர்நிறப் பலகை மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. அப்புறம், எல்லா நிறுவனமும் பழைய பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதில்லை. எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள்.

மரம் என்றாலே காடழிப்பு என்பதும் சரியில்லை. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு உத்திரங்களை அறுத்துப் போட்டால் புதிதாக எதையும் வெட்டத் தேவையில்லை. புது மரம்தான் வேண்டும் என்றால் எஃப்எஸ்சி சான்று (பொறுப்பாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்பதற்கான சான்று) பாருங்கள். பர்மா (இன்றைய மியான்மர்) தேக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மியான்மரின் அரசு மர நிறுவனத்தின் மீது 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன.