தயிர் மாத்திரைக்கு மாற்றாகாது
பால் புரதத்திலிருந்து பிரியும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகள், ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடும் என்று தயிரைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதில் அடிப்படை இருக்கிறது. ஆனால் அதிலிருந்து, தினமும் தயிர் சாப்பிட்டால் ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படாது என்ற முடிவுக்குத் தாவியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பேச்சுக்கெல்லாம் காரணம், ஐசோலூசின்-புரோலின்-புரோலின், வேலின்-புரோலின்-புரோலின் என்ற இரண்டு சிறு சங்கிலிகள். ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2 உருவாகத் துணைபுரியும் நொதியை அவை தடுக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் இவற்றைக் கண்டது லாக்டோபேசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் என்ற குறிப்பிட்ட பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்த பாலில். நாம் உறை ஊற்றும் தயிரிலோ நுண்ணுயிர்கள் வீட்டுக்கு வீடு மாறும். ஜப்பானியச் சோதனைகளில் தெரிந்த ரத்த அழுத்த இறக்கம் ஐரோப்பியரிடம் நடந்த சோதனைகளில் வெகுவாகக் குறைந்துபோனது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2012-இல் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே கூறியது. இப்படியொரு செய்தியை நம்பி என் அப்பா மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் ஒரு சொம்பு மோர் குடித்தார். அதில் அவர் அள்ளிப் போட்ட கல்லுப்பையும் தொட்டுக்கொண்ட நார்த்தங்காய் ஊறுகாயையும் நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை, தலைசுற்றுகிறது என்று மருத்துவரிடம் அழைத்துப்போனபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180-ஐத் தொட்டிருந்தது. நாட்டு மாட்டின் ஏ2 பால் என்றால் பலிக்கும் என்று இதே கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு: ஏ1, ஏ2 வேறுபாடு பீட்டா கேசீன் என்ற பால் புரதத்தின் 67-ஆம் இடத்தில் இருக்கும் அமினோ அமிலம் ஹிஸ்டிடினா புரோலினா என்பது மட்டுமே, நாம் பேசும் இரு சங்கிலிகளும் அந்தப் புரதத்தில் வேறு இடங்களில் இருக்கின்றன.